நாலு மாதக் குழந்தை முகம் பார்க்கவில்லை என்றால்

கேள்வி இதுதான்: அக்காவுக்கு நிறைமாதத்தில் பிறந்த பையன், இப்போது நாலு மாதம் முடியப்போகிறது. யார் முகத்தையும் பார்ப்பதில்லை, ட்யூப்லைட்டை மட்டும் வெறித்துப் பார்க்கிறான், கண்மணி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. அக்கா கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. "சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி" என்று ஒரு பக்கம், "ஆம்பளைப் பிள்ளை, கொஞ்சம் லேட்டாகத்தான் பார்ப்பான்" என்று இன்னொரு பக்கம் வீட்டில் பேச்சு. சின்னக் குழந்தைகளுக்குப் பார்வை இல்லாமல் போவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு, இதில் எங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: குழந்தைகளுக்கென்று தனிக் கண் பிரிவு இருக்கிற மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப் போய்விடுங்கள், மீதியை டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை, குழந்தைகள் கண் பிரிவில் 18 வருடமாக ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் டார்ச்சையும் பொம்மையையும் வைத்துக்கொண்டு, குழந்தை எதைப் பார்க்கிறது எதைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனால் இங்கே சொல்வதில் பாதி படித்தது, பாதி கண்ணால் பார்த்தது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடும். மூன்று மாதத்துக்குள் ஆள் நகர்ந்தால் கண்ணும் கூடவே நகரும். முதல் மூன்று மாதம் கண் அவ்வப்போது லேசாக மாறிப் போவது சகஜம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். சில குழந்தைகள் இந்தக் கணக்கில் உண்மையிலேயே பிந்தி வருவார்கள். மூன்று மாதம் வரை ஒன்றுமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டு நாலு, ஐந்து, ஆறு மாதத்தில் தானாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படிப்பட்ட பிள்ளையை எங்கேயாவது பார்த்திருப்பார்கள், அதனால் அவர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு பொதுவாகக் கண்மணி ஆடாது. கண்ணுக்குள் தெளிவான பிம்பம் விழாமலேயே முதல் இரண்டு மூன்று மாதம் போய்விட்டால், ஒரு பொருளில் நிலைத்து நிற்கக் கண் பழகுவதே இல்லை, அப்போதுதான் இந்த ஆட்டம் வரும். ஆட்டம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் விஷயத்தில் 'பொறுத்துப் பார்ப்போம்' என்பதற்கு இடமே இல்லை.

வீட்டில் சோதிக்கிறேன் என்று சாவிக்கொத்தை ஆட்டாதீர்கள். ஒவ்வொரு பாட்டியும் இதைத்தான் செய்வார், வளையலைக் குலுக்குவார், பிள்ளை திரும்பும், "பாருங்க, நல்லாப் பார்க்குது" என்பார். பிள்ளை திரும்புவது சத்தத்துக்கு. நான் செய்வது வேறு: ஒரு அடி தூரத்தில் என் முகத்தைக் கொண்டுபோய் வாய் திறக்காமல் மெதுவாக இடதும் வலதும் நகர்த்துவேன், மூச்சுக்காற்றுகூட அவன் மேல் படாதபடி. கண் கூடவே வந்தால் நல்லது. வராவிட்டால் முகத்துக்குப் பதில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அட்டை, அதற்கும் இல்லையென்றால் டார்ச். ஒரு கண்ணை மட்டும் மூடும்போது பிள்ளை சிணுங்கி, இன்னொரு கண்ணை மூடும்போது சும்மா இருந்தால், அந்தச் சிணுங்கலே ஒரு பதில்தான். எந்தக் கண்ணில் பார்வை இருக்கிறதோ அதை மூடினால்தான் கோபம் வரும்.

சரி, காரணங்கள்.

முதலில் பிறவிக் கண்புரை. புரை என்றால் தாத்தா பாட்டிக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம், பிறக்கும்போதே லென்ஸ் வெள்ளையாக இருக்கும் குழந்தைகள் உண்டு. கண்மணிக்கு நடுவில் கறுப்பாக இருக்க வேண்டிய வட்டம் சாம்பல் அல்லது பால் நிறத்தில் இருக்கும். சில பிள்ளைகளுக்கு வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, டார்ச் போட்டுப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் வர வேண்டிய ஒளிர்வு வராது. இதை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் என்றால் ஏறக்குறைய 6 வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் என்றால் 8 வாரத்துக்குள் எடுத்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். ஏனென்றால் பார்ப்பது மூளையின் வேலை, அந்த முதல் வாரங்களில் பிம்பம் வரவில்லையென்றால் மூளை அந்தக் கண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். அறுபது வயதுக்காரர் புரையை ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் எடுத்த மறுநாள் பேப்பர் படிப்பார், ஏற்கெனவே பார்க்கக் கற்றுக்கொண்ட மூளை அது. குழந்தைக்குத் தள்ளிப்போட முடியாததன் காரணம் இவ்வளவுதான். நாலு மாதத்தில் கண்டுபிடித்தாலும் எடுக்கத்தான் வேண்டும், கிடைக்கிற பார்வை குறைவாக இருக்கலாம், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

அறுவை முடிந்ததோடு வேலை முடியாது. லென்ஸை எடுத்துவிட்டதால் அந்தக் குழந்தைக்குச் சோடாபுட்டி மாதிரி தடிமனான கண்ணாடி போட வேண்டும், தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் கட்டி. மூன்று மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல்முறை அதை மாட்டியது நினைவிருக்கிறது. அதுவரை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது, கண்ணாடி மூக்கில் உட்கார்ந்ததும் சட்டென்று அடங்கிப்போய் அம்மாவின் பொட்டைப் பார்த்தது. முகத்தை இல்லை, பொட்டை மட்டும். ஒரு நிமிடம் கழித்துத்தான் மற்றதெல்லாம். அந்த வீட்டில் அப்புறம் "பொம்பளைப் பிள்ளைக்கு இந்தக் கண்ணாடியா, ஊர் என்ன சொல்லும்" என்று விசேஷங்களுக்கெல்லாம் கழற்றி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்து நான் போட்ட சண்டை தனிக்கதை.

இந்தப் புரைக்குப் பல நேரம் காரணமே தெரியாது. தெரிகிறவற்றில் ஒன்று பரம்பரை, இன்னொன்று ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் வந்தால், அவருக்கு இரண்டு நாள் தடிப்பும் லேசான சூடும்தான், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம் மூன்றும் போகலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், 1941இல். புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று வரிசையாக வருகிறார்களே என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தபோது, காத்திருப்பு அறையில் தாய்மார்கள் "எனக்கும் மாசமா இருக்கும்போது அந்த அம்மை வந்தது" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். (நான் தாய்மார்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பதற்கு இதைத்தான் நியாயமாகச் சொல்வது.) இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில்தான் ஆரம்பித்தது, முதல் சுற்றிலேயே தமிழ்நாடு இருந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி ஓடியது, எத்தனை பெற்றோர் பள்ளியில் ஊசி போடும் நாளில் பிள்ளையை லீவு போட வைத்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். இன்று பையன்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ஊசி, 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதுவாக்கில் இன்னொன்று. பையனுக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் காய்ச்சல் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத்தான் போகும் என்று.

அடுத்தது உங்களுக்குப் பொருந்தாது, நிறைமாதக் குழந்தை என்பதால். ஆனாலும் விட்டுவிட மனசு வரவில்லை, ஏனென்றால் இன்றைக்கு நம் ஊர்களில் தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயைத்தான். ஆஸ்பத்திரிகளில் ஆர்ஓபி என்பார்கள். விழித்திரைக்கு ரத்தக்குழாய் வளர ஆரம்பிப்பது கர்ப்பத்தின் 16ஆவது வாரத்தில், ஓரம்வரை போய்ச் சேர்வது ஏறக்குறைய 40ஆவது வாரத்தில். 30 வாரத்தில் பிறந்துவிட்டால் குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. வெளியே ஆக்சிஜன் அதிகமானால் முதலில் வளர்ச்சி நின்றுபோகும், சில வாரம் கழித்து, பட்டினி கிடந்த விழித்திரை கூப்பாடு போட, குழாய்கள் கண்டபடி முளைத்து, நார் போல இறுகி, விழித்திரையையே பெயர்த்து எடுத்துவிடும். இதில் குரூரம் என்னவென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது. எடை ஏறிவிட்டது, பிள்ளை பால் குடிக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆறு மாதம் கழித்துக் கண்மணி வெள்ளையாகத் தெரியும்போது கூட்டி வருவார்கள். அந்தக் கட்டத்தில் எங்களால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

1940களில், 50களின் தொடக்கத்தில் பணக்கார நாடுகளில் இப்படிச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். புது இன்குபேட்டர், தாராளமாக ஆக்சிஜன், உயிர் பிழைத்த பிள்ளைகளுக்குக் கண் இல்லை. மெல்பர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர் 1951இல் ஆக்சிஜன்மேல் விரல் நீட்டினார், 1953-54இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு அதை உறுதி செய்தது. 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இதனால்தான். நம் நாட்டில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மாவட்டத்துக்கு மாவட்டம் வந்தபோது அந்தப் பழைய கதை இங்கே திரும்ப நடந்தது. சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் 1996இல் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தைக்குக் கண்ணைப் பார்க்கச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள், பார்வை போய்விட்டது, அந்த அப்பா விடாமல் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகுதான் எத்தனையோ மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் தாளில் 'கண் பரிசோதனை' என்று ஒரு வரி தடித்த எழுத்தில் ஏறியது என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து 30 நாள் ஆவதற்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. அமெரிக்காவில் இந்த எடை வரம்பு ஒன்றரைக் கிலோ, நாம் இரண்டு வைத்திருப்பதற்குக் காரணம் நம் ஊரில் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இது வருகிறது. வந்திருந்தால் லேசர், அல்லது கண்ணுக்குள் ஊசி, அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள். "அமாவாசை கழியட்டும்", "தீட்டு முடியட்டும்" என்று தள்ளிய ஒரு வாரத்தில் விழித்திரை பிரிந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது குறைமாதப் பிரசவம் என்றால் தயவுசெய்து டிஸ்சார்ஜ் தாளை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். சொந்தத்தில் கட்டியதாலா?

இருக்கலாம். சில நோய்களுக்கு ஒரே மரபணுவின் பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் வந்து சேர வேண்டும். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, தனக்கு இருப்பதே தெரியாமல் நூறு வயது வாழ்ந்துவிட்டுப் போவார். நம் எல்லோரிடமும் இப்படி ஏதாவது சில பழுதுகள் உண்டு. அந்நியத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது, அத்தை மகன் மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு ஏறுகிறது, அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததுக்கு வராது என்றெல்லாம் கணக்கு கிடையாது. அதே சமயம் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. இதில் "உன் வீட்டு ரத்தம்" என்று உங்கள் அக்காவை மட்டும் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை, பாதி அப்பாவிடமிருந்து வந்தது, அதுவும் இங்கே இரண்டும் ஒரே வீடுதானே.

இந்த வழியில் வருகிறவற்றில் உங்கள் வர்ணனையோடு ஒத்துப்போவது பிறவியிலேயே விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் வேலை செய்யாத நோய். லீபர் பிறவிப் பார்வையிழப்பு என்று பெயர். கண் வெளியே அழகாக இருக்கும், உள்ளே பார்த்தாலும் ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கண்மணி அலைபாயும், விளக்கையே வெறிக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் கைவிரல்களை மடக்கிக் கண்ணைக் குத்திக் குத்தி அமுக்கும். அமுக்கினால் உள்ளே ஏதோ மின்னல் மாதிரி தெரிகிறது போலிருக்கிறது, அந்த வெளிச்சத்துக்காகவே பிள்ளை அப்படிச் செய்கிறது என்பார்கள். தூக்கம் வருகிறது என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். விழித்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஈஆர்ஜி பரிசோதனையில் இது தெரிந்துவிடும். இதில் ஆர்பிஈ65 என்ற ஒரு மரபணுவால் வரும் வகைக்கு மட்டும் மரபணு சிகிச்சை ஒன்றை அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்தது, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் என்று விலை வைத்தார்கள். கைக்கு எட்டும் விலை இல்லைதான், ஆனால் எந்த மரபணு என்று பரிசோதித்து வைத்துக்கொள்வதற்கு அடுத்த கர்ப்பத்தை முன்னிட்டும் ஒரு பயன் இருக்கிறது.

அல்பினிசமும் இதே வழியில் வருவதுதான். முடியும் தோலும் வெளுத்திருக்கும், வெளிச்சம் கூசும், கண் ஆடும். பார்வை குறைவாக இருக்குமே தவிர முழு இருட்டு இல்லை, கண்ணாடி போட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்து கல்லூரிவரை போன பிள்ளைகள் நிறைய. பிறவிக் கண்ணழுத்த நோயிலும் சொந்தத் திருமணத்துக்குப் பங்கு உண்டு. ஆந்திராவில் நடந்த ஒரு ஆய்வில் 3,300 குழந்தைகளுக்கு ஒன்று என்று வந்தது, மேலை நாடுகளைவிட இது மிக அதிகம். இதில் ஏமாந்துபோவது சுலபம். அழுத்தத்தால் குழந்தையின் கண் பலூன் மாதிரி பெரிதாகும், "எவ்வளவு பெரிய கண்ணு, மீனாட்சி மாதிரி" என்று ஊரே கொஞ்சும், கண்ணில் நீர் வடிவதைச் சளி என்பார்கள், வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடுவதைக் கூச்ச சுபாவம் என்பார்கள். கறுவிழி நீலச் சாம்பலாக மங்க ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வரும். பெரிய கண், நீர், கூச்சம் மூன்றும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே கூட்டி வர வேண்டும், அறுவை செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

கண்ணே சின்னதாகவோ, ஒரு பகுதி உருவாகாமலோ பிறப்பதும் உண்டு. 1990களின் நடுவில் இந்தியாவின் 9 மாநிலங்களில் பார்வையற்றோர் பள்ளிகளில் 1,318 குழந்தைகளைப் பரிசோதித்தபோது, சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு இந்த உருவாக்கக் குறை, இன்னொரு ஐந்தில் ஒன்றுக்கு விழித்திரை நோய், நாலில் ஒன்றுக்குக் கறுவிழி கெட்டுப்போனது.

அந்தக் கடைசிக் கூட்டம்தான் நம் தாத்தா காலத்தில் 'பூ விழுந்த கண்' என்று சொன்னது. பெரும்பாலும் வைட்டமின் ஏ பற்றாக்குறை. முதலில் மாலைக்கண், அப்புறம் வெள்ளை விழியில் நுரை ஒட்டியது போல ஒரு திட்டு, அதற்கப்புறம் ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் தட்டம்மையோ பேதியோ வந்தால் கறுவிழி ஓரிரு நாளில் உருகிவிடும். 'அம்மை வந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது' என்று இருட்டறையில் வைத்திருந்து, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்தால் கண் இருக்காது. கண் போனது போக, இந்தக் குழந்தைகள் இறந்தும் போனார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000க்கும் அதிகமான குழந்தைகளுக்கு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. கொடுத்த குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கான மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்று உலகத்தை நம்ப வைத்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. இன்று 9 மாதத்தில் ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வயதுவரை 9 தவணை சொட்டு கொடுக்கிறார்கள், சத்துணவு, முருங்கைக்கீரை, தடுப்பூசி எல்லாம் சேர்ந்து இந்த நோயைக் கண் ஆஸ்பத்திரிகளில் அபூர்வமாக்கிவிட்டன. முதல் தவணையோடு நிறுத்திவிடும் வீடுகள்தான் இன்னும் நிறைய.

உங்கள் மருமகன் பிறந்ததும் அழுதானா? இதை நான் கேட்பதற்குக் காரணம் மூளை. கண் சுத்தமாக நன்றாக இருந்து, பிம்பத்தைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதி அடிபட்டிருந்தாலும் குழந்தை பார்க்காது. பிரசவத்தில் மூச்சுத் திணறல், பிறந்த முதல் நாட்களில் சர்க்கரை அளவு அதலபாதாளத்துக்கு இறங்குவது, வலிப்பு, மூளைக்காய்ச்சல், குறைப்பிரசவம் எல்லாம் காரணமாகலாம். சர்க்கரை இறங்குவது மூளையின் பின்பகுதியை, அதாவது பார்வைக்கான இடத்தையே குறிவைத்துத் தாக்கும். சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு மூன்றாம் நாள்தான் தாய்ப்பால் என்று இருக்கும் வீடுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்கும். இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு டாக்டர் "கண் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார், அது உண்மைதான், ஆனால் அவர்கள் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்துவிடுவார்கள். இவர்களிடம் பார்வை நாளுக்கு நாள் மாறும். அமைதியான அறையில் சிவப்புப் பந்தைப் பார்ப்பான், அதே பந்தைக் கல்யாண வீட்டில் காட்டினால் பார்க்க மாட்டான். நின்ற பொருள் தெரியாது, அசைந்தால் தெரியும். நடிக்கிறான் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. இதில் நல்லது என்னவென்றால் பயிற்சி கொடுத்தால் ஓரளவு முன்னேற்றம் வரும். வெறும் மூளைக் காரணம் என்றால் கண்மணி இப்படி ஆடுவது குறைவு, அதனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் கண்ணுக்குள்தான் தேடுவேன். அது என் ஊகம் மட்டுமே, டாக்டர் பார்த்துச் சொல்வதுதான் பதில்.

விழித்திரைப் புற்றுநோயைச் சொல்லாமல் விட முடியாது. 15,000-20,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று பூனைக்கண் மாதிரி வெள்ளையாகவும் தெரிந்தால், போட்டோ எடுத்த கோணம்கூடக் காரணமாக இருக்கலாம்தான், இருந்தாலும் மறுநாளே காட்டுங்கள். சீக்கிரம் வந்தால் உயிரையும் பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம், தாமதித்தால் கட்டி நரம்பு வழியாக மூளைக்குப் போகும். கண்ணை எடுக்கச் சொல்லும்போது மறுத்துவிட்டு நாட்டுமருந்துக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்களின் முகங்கள் எனக்கு இப்போதும் மறக்கவில்லை.

அடிபடுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பட்டாசு, பென்சில், அம்பு எல்லாரும் அறிந்தது, யாரும் நினைக்காதது வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட். தாத்தாவின் பையிலிருந்து எடுத்துப் பிள்ளை அமுக்கும், பிதுங்கி நேராகக் கண்ணில் அடிக்கும், கறுவிழி வெந்துவிடும். அப்படி நடந்தால் ஆட்டோவைத் தேடாமல் அங்கேயே குழாயடியில் இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. கைக்குழந்தைக் கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விட வேண்டாம்.

பவர் குறையும் மாறுகண்ணும் தனி. ஒரு கண்ணில் மட்டும் அதிக பவர் இருந்து அது தெரியாமலே போனால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், சோம்பேறிக் கண் என்பது அதுதான். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று விட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆறு மாதக் குழந்தைக்கும் பவர் கண்டுபிடிக்கலாம், எழுத்து படிக்கத் தெரிய வேண்டியதில்லை, அதற்கு வேறு வழி இருக்கிறது.

இனி நடைமுறை. அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், 2013இல் ஆரம்பித்த ஆர்பிஎஸ்கே, பிறவிப் புரையும் குறைமாத விழித்திரை நோயும் அடக்கம், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனால் செலவில்லாமல் வழி சொல்வார்கள். நோய் எது என்று உறுதியாவதற்கு முன்பே, மருந்து உண்டோ இல்லையோ, பார்வைத் தூண்டல் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். பால் கொடுக்கும்போது அக்கா வெளிர் நிறச் சேலையில் இல்லாமல் அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும், தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பேசிக்கொண்டே குழந்தையின் கையைத் தன் முகத்தில் வைக்கட்டும். பார்வை குறைந்த பிள்ளை சத்தம் கேட்டால் அசையாமல் கவனிக்கும், அதை மந்தம் என்று நினைத்துத் தூக்காமல் விட்டுவிட்டால் கழுத்து நிற்பது, தவழ்வது எல்லாம் பின்தங்கும்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, முதல் மாதம் எடுத்த போட்டோக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண் ஆடுவதைப் பகல் வெளிச்சத்தில் அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், அங்கே போனதும் பிள்ளை தூங்கிவிடுவான், எப்போதும் அப்படித்தான். நான் பார்க்கும் நேரத்தில் அவன் விழித்திருக்க வேண்டும், வயிறு நிறைந்தும் இருக்கக்கூடாது காலியாகவும் இருக்கக்கூடாது, ஆகவே பாலை அங்கே காத்திருக்கும்போது கொடுத்தால் போதும். கண்ணைப் பெரிதாக்கும் சொட்டு போடுவார்கள், கொஞ்சம் எரியும், அழுவான், திரும்பும்போது வெயில் கூசும். ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.